டர்பன் மெரைன் ஓட்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஊரில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நடையில், இப்போது இல்லாத மெரைன் ஓட்டலின் ஒரு பழைய தபால் அட்டையைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறோம். விரிகுடாவைப் பார்த்த முகப்பு, அடுக்கடுக்காகத் தாழ்வாரங்கள், வாசலில் வரிசையாக ரிக்‌ஷாக்கள். படியோரத்தில் வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக ஒருவர் நிற்கிறார். முகம் தெரியவில்லை. சனிக்கிழமை காலையில் பிள்ளைகளை வகுப்பில் விட்டுவிட்டு வெளியே வரும் பெற்றோர் அந்தப் படத்தின் முன்னால்தான் நிற்கிறார்கள். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஆகவே எழுதி வைத்துவிட்டேன்.

இந்த ஓட்டல் எங்கே இருந்தது? மெரைன் பரேடில் தேடினால் கிடைக்கவில்லையே?

கிடைக்காது. பேரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். மெரைன் பரேடு என்பது இந்தியப் பெருங்கடலைப் பார்த்த கடற்கரைச் சாலை. மெரைன் ஓட்டல் இருந்தது அங்கே அல்ல, ஊரின் மறுபக்கத்தில், துறைமுக விரிகுடாவைப் பார்த்த விக்டோரியா எம்பாங்க்மென்ட்டில், கார்டினர் தெரு வந்து முட்டும் இடத்தில். பெரியவர்கள் அந்தச் சாலையை எஸ்பிளனேடு என்றுதான் சொல்வார்கள்.

போதாக்குறைக்குத் தெருப் பெயர்களும் மாறிவிட்டன. விக்டோரியா எம்பாங்க்மென்ட் இப்போது மார்கரெட் எம்ன்சாடி அவென்யூ. கார்டினர் தெரு, டோரத்தி நியெம்பே தெரு. ஸ்மித் தெரு, ஆன்டன் லெம்பேடே தெரு. நம் கிரே தெரு, டாக்டர் யூசுஃப் தாதூ தெரு. மெரைன் பரேடும் ஓ.ஆர். டாம்போ பரேடு ஆகிவிட்டது. தாத்தா சொன்ன கதையைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தில் தேடுகிறவர் இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

கடலோர ஓட்டல் என்கிறீர்கள், எதிரே மணலே இல்லையே?

அந்தக் காலத்தில் கடலோரம் என்றால் குளிக்கிற இடம் என்று பொருள் இல்லை. கப்பல் வருகிற இடம் என்று பொருள். இங்கிலாந்திலிருந்து வரும் தபால் கப்பல்தான் பணக்கார விருந்தாளியைக் கொண்டுவந்தது. அவர் இறங்கி, பெட்டி படுக்கையோடு ரிக்‌ஷாவில் ஏறி, முதலில் பார்க்கும் பெரிய கட்டடமாக ஓட்டல் இருக்க வேண்டும். மாலையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்தால் பாய்மரங்களும் எதிர்க்கரை பிளஃப் மேடும் தெரிய வேண்டும். மணலுக்கும் அலைக்கும் மவுசு பிறகுதான் வந்தது.

இறங்குவதும் லேசான காரியமாக இருக்கவில்லை. துறைமுக வாயில் மணல்திட்டு இருந்ததால் பெரிய கப்பல்கள் வெளியே நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பயணிகளை ஆளுயரப் பிரம்புக் கூடையில் ஏற்றி, கதவைச் சாத்தி, பாரந்தூக்கியால் தூக்கி, கீழே ஆடிக்கொண்டிருக்கும் இழுவைப் படகில் இறக்குவார்கள். பட்டுப் பாவாடை கட்டிய துரைசாணியும் தொப்பி வைத்த துரையும் கோழிக்கூடையில் கோழி மாதிரி இறங்கும் படங்கள் இன்றும் இருக்கின்றன. மணலைத் தோண்டி ஆழப்படுத்திய பிறகு, 1904-ல் 'ஆர்மடேல் காசில்' என்ற தபால் கப்பல்தான் முதலில் நேராக உள்ளே வந்தது.

இந்தியாவிலிருந்து கூலிக்கு வந்த நம்மவர்கள் கூடையில் இறங்கியவர்கள் அல்ல. அவர்களுக்குச் சரக்குப் படகு.

ராயல் ஓட்டலும் இதுவும் ஒன்றா?

இல்லை. ராயல் ஓட்டல் ஸ்மித் தெருவில் இருந்தது, சற்று உள்ளே தள்ளி. அதைவிடப் பழையது. அதன் பழைய கட்டடத்தையும் 1970களில் இடித்துவிட்டு அதே இடத்தில் கோபுரம் போல ஒன்றைக் கட்டினார்கள். பழைய உணவுக்கூடம் ஒன்றை மட்டும் இடிக்காமல் புதிய கட்டடத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் இங்கே தங்கினாராமே?

தங்கியது ராயலில். 1896 மே மாதம், உலகம் சுற்றிப் பேசிச் சம்பாதித்துக்கொண்டிருந்த சமயம். அவர் எழுதி வைத்த பயணக் குறிப்பில் டர்பனைப் பற்றி இருப்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் நமக்கு ஒரு சொல் இருக்கிறது. ஓட்டல் வசதி, சாப்பாடு நன்று, பரிமாறுவது உள்ளூர்க்காரர்களும் 'மதராஸி'களும், நன்றாகப் பரிமாறுகிறார்கள் என்று குறித்திருக்கிறார். எந்தப் பேரையும் குறிக்கவில்லை. ஆனாலும் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு ஆள் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, பரிமாறுகிறவன் எந்த ஊர்க்காரன் என்று பார்த்திருக்கிறாரே. வெள்ளைக்கார விருந்தாளிகளில் அதைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம் என்பது என் எண்ணம்.

படியில் நிற்கும் ஆள் தமிழரா? கரும்புக் காட்டுக்கு வந்தவர்கள் ஓட்டலுக்கு எப்படிப் போனார்கள்?

அந்த ஆளைப் பற்றிச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் காலத்து டர்பன் ஓட்டலில் தலைப்பாகை கட்டி நின்றவர் தமிழராகவோ தெலுங்கராகவோ இருக்கவே அதிக வாய்ப்பு.

'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு 1860 நவம்பர் 16 அன்று இங்கே வந்தது. அதிலிருந்து 1911 வரை ஒப்பந்தத்தில் வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாக வந்தவர்கள். வட ஆர்க்காடு, சித்தூர், தஞ்சாவூர், விசாகப்பட்டினம் என்று பல ஜில்லாக்கள். பெரும்பாலோர் போனது கரும்புக்குத்தான். ஐந்து வருட ஒப்பந்தம், முதல் வருடம் மாதம் பத்து ஷில்லிங், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம்.

அதே கப்பல்களில் இன்னொரு வகையும் வந்தது. ஆவணங்களில் 'ஸ்பெஷல் சர்வன்ட்' என்று எழுதியிருக்கும். சமையற்காரர், பரிமாறுகிறவர், குதிரைக்காரர், சலவைக்காரர் என்று தொழில் தெரிந்தவர்களைத் தனியாகக் கேட்டு வாங்கினார்கள். கேட்டவை கிளப்புகள், ஓட்டல்கள், பெரிய வீடுகள். சம்பளமும் கரும்புக் கூலியைவிடக் கூடுதல். சென்னையில் துரைமார் வீட்டில் பட்லர் வேலை பார்த்துப் பழகியவர்கள் இருந்தார்கள். முள்கரண்டியை எந்தப் பக்கம் வைப்பது என்று டர்பனில் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு வழியும் உண்டு. ஐந்து வருடம் முடிந்து விடுபட்டவர்கள் மறுபடி கரும்பு வெட்டப் போக மனமில்லாமல் டவுனுக்கு வந்தார்கள். காய்கறி விற்றார்கள், மீன் பிடித்தார்கள், முனிசிபாலிட்டியில் குப்பை வாரினார்கள். கொஞ்சம் ஆங்கிலம் பிடிபட்டவர்கள் ஓட்டல் பின்வாசலில் போய் நின்றார்கள். ஒருவர் உள்ளே போய்விட்டால் போதும். அவர் தம்பி பாத்திரம் கழுவ, மச்சான் காய் நறுக்க, பையன் பதினாலு வயதில் தட்டுத் தூக்க, ஒரு குடும்பமே அந்தச் சமையல்கட்டுக்குள் வந்துவிடும். எங்கள் குடும்பக் கதையும் அதுதான்.

வெள்ளைக்காரர்கள் நம் ஆட்களை ஏன் 'சாமி' என்று கூப்பிட்டார்கள்? மரியாதைக்கா?

மரியாதையா! முனிசாமி, கோவிந்தசாமி, ராமசாமி, அப்பாசாமி என்று வரிசையாகப் பெயர்கள். முழுப்பெயர் வாயில் நுழையாததால் வாலை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். வெயிட்டர் சாமி, காய்கறிக்காரர் சாமி, தோட்டக்காரர் சாமி. பெண்கள் எல்லாரும் 'மேரி', மாரியம்மாவிலிருந்து வந்தது. கோவிலில் கையெடுத்துக் கும்பிடும் சொல், மேசையில் விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் சொல்லாகிவிட்டது. எங்கள் வீட்டில் இன்றும் யாராவது ஆங்கிலத் தொனியில் அந்தச் சொல்லைச் சொன்னால் அத்தை எழுந்து உள்ளே போய்விடுவார்.

வெயிட்டர் வேலை எப்படி இருந்தது?

என் தாத்தா வேலை பார்த்தது மெரைனில் அல்ல, கடற்கரைப் பக்கம் வேறொரு ஓட்டலில். பெயர் வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் அங்கே இருந்தார்.

புரட்டாசி மாதம் எங்கள் வீட்டில் மாமிசம் கிடையாது. சனிக்கிழமை இலை போட்டுச் சாப்பாடு. அன்றைக்குப் பரிமாறுவது பெண்கள் இல்லை, தாத்தாதான். ஒரு பெரிய கரண்டியையும் முள்கரண்டியையும் ஒரே கையில் பிடிப்பார், கரண்டி கீழே, முள் மேலே, இடுக்கி போல. இடது முன்கையில் மடித்த துண்டு, அதன்மேல் சோற்றுத் தட்டு. ஒவ்வொரு இலைக்கும் இடது தோள் பக்கமாகக் குனிவார். சோறு ஒரே கவ்வில் வரும், ஒரே இடத்தில் உட்காரும், பக்கத்தில் ஒரு பருக்கை சிந்தாது. பருப்பு, கூட்டு, அப்பளம் எல்லாம் அந்த இடுக்கியில்தான். அப்பளம் நொறுங்காமல் வருவதைப் பார்க்கவே நாங்கள் குழந்தைகள் காத்திருப்போம். "கண்ணு, வைக்கிறது இடது பக்கம், எடுக்கிறது வலது பக்கம்" என்பார். சாப்பிட்டு முடித்ததும் இலையை எடுக்க வலது பக்கம் வந்து நிற்பார். "எச்சில் இலையை நீங்க ஏன் எடுக்கறீங்க மாமா?" என்று அம்மா கத்துவார். கேட்கவே மாட்டார்.

வேலை நேரம் இரண்டு துண்டு. விடியற்காலை போனால் காலைச் சாப்பாடு, மதியச் சாப்பாடு முடிய இரண்டரை ஆகும். பிறகு ஐந்து மணிவரை ஓய்வு. மறுபடி இராச்சாப்பாடு, கடைசி மேசை எழுந்திருக்கும்வரை. கொள்ளுத்தாத்தா முனிசிபாலிட்டித் தொழிலாளி என்பதால் குடும்பம் சோம்ஸ்யூ ரோட்டுப் பக்கம் மேகசின் பாரக்ஸில் இருந்தது. நம் தமிழ், தெலுங்கு ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த குடியிருப்பு, கடலுக்கு நடை தூரம். மதியம் தாத்தா வீட்டுக்கு நடந்து வந்து, சட்டையைக் கழற்றி மாட்டி, ஒரு மணி நேரம் படுத்து, மோர் குடித்துவிட்டுப் போவாராம்.

1960களில் பாரக்ஸைக் காலி செய்யச் சொல்லி எல்லாரையும் இந்தியருக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்கு அனுப்பினார்கள். இனவாரிக் குடியிருப்புச் சட்டம், 1950-ல் வந்தது. சாட்ஸ்வர்த் சுமார் 20 கிலோமீட்டர். காலைச் சாப்பாட்டுக்குப் போக வேண்டுமென்றால் இருட்டிலேயே பஸ் பிடிக்க வேண்டும். இரவு கடைசி பஸ் போய்விட்டால் அவ்வளவுதான். நடுவில் அந்த இரண்டரை மணி நேரத்துக்கு வீட்டுக்கு வந்து திரும்ப வழியே இல்லை. கடற்கரை பெஞ்சில் உட்காரலாம் என்றால் அது வெள்ளையர் பெஞ்சு. அதனால் ஓட்டலின் பின்கட்டில், உருளைக்கிழங்கு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு காலம் தள்ளினார். இடப்பெயர்வு என்றால் எல்லாரும் வீடு போனதைப் பேசுவார்கள். எங்கள் தாத்தாவுக்குப் போனது மதியத் தூக்கம். வாரத்தில் ஆறு நாள், பல வருடம்.

விடுமுறைக் காலம் வந்தால் அது வேறு கதை. ஜூலையில் கிரேவில் மைதானத்தில் 'டர்பன் ஜூலை' குதிரைப் பந்தயம். 1897-லிருந்து நடக்கிறது. உள்நாட்டு டிரான்ஸ்வால் மாகாணத்திலிருந்து ஆட்கள் வந்து குவிவார்கள். ஜெயித்தவன் டிப்ஸை அள்ளி வீசுவான், தோற்றவன் சூப்பில் உப்பில்லை என்பான். ஈஸ்டரும் அப்படித்தான் ஓட்டலில் நெரிசல். இங்கேதான் சிக்கல். இந்த நாட்டில் நம் மாரியம்மன் திருவிழா ஈஸ்டர் விடுமுறையில்தான் நடக்கிறது, கரும்புக் காட்டு முதலாளி அன்றைக்குத்தான் லீவு விட்டான் என்பதால். இசிபிங்கோ மாரியம்மன் கோவிலில் கூட்டம் தாங்காது. ஓட்டல்காரருக்கு மட்டும் அந்த லீவு கிடையாது. பாட்டிதான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கஞ்சி ஊற்றிவிட்டு வருவார்.

ஓட்டல் கறியும் வீட்டுக் கறியும் ஒன்றுதானா?

ஒன்றல்ல. ஆனால் ஒரே கைதான் இரண்டையும் கிளறியது.

டர்பன் ஓட்டல்களில் கறிக்கு, அதாவது மசாலாக் குழம்புக்கு, தனிப் பேர் உண்டு. ஞாயிறு மதியம் கறியும் சோறும் இல்லாத பெரிய ஓட்டல் கிடையாது. அதோடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் தேங்காய்த் துருவல், வாழைப்பழ வட்டம், வெங்காயம் தக்காளி நறுக்கல், மாங்காய் சட்னி வைப்பார்கள். 'சாம்பல்ஸ்' என்று பெயர். நம் அடுப்புச் சாம்பல் இல்லை, இலங்கை, மலாய்ப் பக்கத்துச் சம்பல் ஆங்கிலேயர் வாயில் போய் வந்த வடிவம். காரம் குறைத்து, மாவு சேர்த்துக் குழம்பைக் கெட்டியாக்கி அனுப்பினார்கள்.

வீட்டில் அதெல்லாம் கிடையாது. மிளகாய்த் தூளில் எண்ணெய் சிவந்து மேலே மிதக்க வேண்டும், உருளைக்கிழங்கு குழம்பில் உடைந்து கரைய வேண்டும், கறிவேப்பிலை தெரிய வேண்டும். சமையல்கட்டில் வேலை பார்த்த எங்கள் மாமாத்தாத்தா ஓட்டலில் இரண்டு பானை வைப்பாராம். ஒன்று கூடத்துக்கு, ஒன்று சமையல்கட்டு ஆட்களுக்கு. பின்வாசலுக்கு மீன் கொண்டுவரும் வலைக்காரர்களுக்கும் இரண்டாவது பானையில் பங்கு உண்டு. அவர்களும் பெரும்பாலும் நம் ஜனங்கள்தான். ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் கரையோரமாக வரும்போது அடிங்டன் கடற்கரையில் வலை இழுத்த கைகள்.

கடைசியில் எந்தப் பானை ஜெயித்தது என்று பார்க்க வேண்டுமானால் இன்றைக்கு டர்பனுக்கு வடக்கே உம்ஹ்லாங்காவில் உள்ள ஆய்ஸ்டர் பாக்ஸ் ஓட்டலுக்குப் போங்கள். இடித்துக் கட்டி 2009-ல் மறுபடி திறந்த ஆடம்பர ஓட்டல். அங்கே பேர் போன விருந்தே கறி விருந்துதான்.

வேலை நிறுத்தம் ஏதும் செய்தார்களா, இல்லை பணிந்தே போனார்களா?

1913 நவம்பரில் டர்பன் ஓட்டல்களில் படுக்கை விரிக்க ஆளில்லாமல் போனது. ஒப்பந்தம் முடிந்த பின்னும் இங்கேயே தங்குகிறவர் தலைக்கு வருடம் மூன்று பவுன் கட்ட வேண்டும் என்று 1895-ல் ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். மாதம் பத்து ஷில்லிங் வாங்கியவனுக்கு அது ஆறு மாதச் சம்பளம். அக்டோபரில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களில் தொடங்கிய நிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்குப் பரவி, டர்பனுக்குள் வந்தபோது வீட்டு வேலைக்காரர், முனிசிபாலிட்டி ஆட்கள், ஓட்டல் வெயிட்டர்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்கள். 1914-ல் வரி போனது.

அடுத்த கண்டம் சட்டசபையிலிருந்து வந்தது. 1920களின் கடைசியில் கொண்டுவந்த மதுச் சட்ட மசோதாவில் 104-ஆம் பிரிவு என்று ஒன்றைச் செருகியிருந்தார்கள். மது விற்கும் இடங்களில் இந்தியரை வேலைக்கு வைக்கக் கூடாது. மது விற்காத பெரிய ஓட்டல் ஏது? டர்பன் இருக்கும் நேட்டால் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான வெயிட்டர்களின் அடுப்பு அணைந்திருக்கும். அப்போது இந்திய அரசின் முதல் ஏஜென்ட்டாக, அதாவது பிரதிநிதியாக, இங்கே இருந்தவர் சீனிவாச சாஸ்திரி, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் வலங்கைமான்காரர். மந்திரிகளிடம் பேசியே அந்தப் பிரிவை எடுக்க வைத்தார். அவர் ஆங்கிலத்தை வெள்ளைக்காரர்களே வாய் பிளந்து கேட்டார்கள் என்பது பெரியவர்கள் பேச்சு. 1929-ல் திறந்த சாஸ்திரி கல்லூரியில் படித்தவர்களுக்கு அவர் கல்வி தந்தவர். எங்கள் வீட்டில் அவர் தாத்தாவின் வேலையைக் காப்பாற்றியவர். சாஸ்திரி ரொம்பவும் குனிந்து போனார் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. ஆனால் 104-ஐ நினைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

நம்மவர்கள் அங்கே விருந்தாளியாகத் தங்க முடிந்ததா?

முடியாது. இது டர்பனில் மட்டும் இருந்த வழக்கம் அல்ல. 1893-ல் ஜோகன்னஸ்பர்க் வந்து இறங்கிய காந்தி கிராண்ட் நேஷனல் ஓட்டலுக்குப் போய் அறை கேட்டார். இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். இதை அங்கிருந்த இந்திய வியாபாரிகளிடம் சொன்னபோது, இடம் கிடைக்கும் என்று நம்பினீர்களா என்று அவர்கள் சிரித்தார்களாம். 1953-ல் வந்த தனித்தனி வசதிச் சட்டம், வழக்கமாக இருந்ததை எழுத்தில் அழுத்தமாக்கியது. கடற்கரையும் பங்கு போடப்பட்டது. நம் பங்கு வடக்கே பேட்டரி கடற்கரைப் பக்கம்.

அதற்காக நம்மவர்கள் வெளியே போய்ச் சாப்பிடாமல் இல்லை. கிரே தெரு வட்டாரத்தில் ஹிமாலயா ஓட்டல் இருந்தது. விக்டோரியா தெருவில் பம்பி நாயுடுவின் குட்வில் லவுஞ்ச் இருந்தது. 1950களில் ஜாஸ் இசை, நல்ல மேசை விரிப்பு, நல்ல சாப்பாடு. வெள்ளையர் ஓட்டலில் கற்ற தொழிலை நம்மவர்கள் நம்மவர்களுக்கே செய்தார்கள்.

1970களின் நடுவில் சில ஓட்டல்களுக்கு 'இன்டர்நேஷனல்' தகுதி என்று ஒரு சலுகை கொடுத்தார்கள். அங்கே மட்டும் எல்லா இனத்தாரும் தங்கலாம். உள்ளூர்க்காரன் தன் ஊர் ஓட்டலில் நுழைய 'இன்டர்நேஷனல்' ஆக வேண்டியிருந்தது! கடற்கரைகளை எல்லாருக்கும் திறந்தது 1989-ல், அதுவும் போராட்டத்துக்குப் பிறகு. தனித்தனி வசதிச் சட்டமே 1990-ல் போனது.

அதற்கப்புறம் அப்பா ஒரு நாள் தாத்தாவை அவர் வேலை பார்த்த ஓட்டலுக்கே சாப்பிடக் கூட்டிப்போனார். எல்லாரும் கண் கலங்கத் தயாராக இருந்தோம். தாத்தா நிதானமாக உட்கார்ந்தார், துண்டை மடியில் விரித்தார், சாப்பிட்டார். வெளியே வந்ததும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "தட்டைச் சுட வைக்காம சோறு போட்டுட்டான்."

இவ்வளவு பெரிய கட்டடத்தை ஏன் இடித்தார்கள்?

கடல் அரித்துக்கொண்டு போகவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. இடம் விலை ஏறியது, அவ்வளவுதான். விரிகுடாவைப் பார்த்த மனை டவுனின் நடு மையத்தில் இருக்கிறது. பழைய ஓட்டலுக்கு உயர்ந்த கூரை, அகலமான தாழ்வாரம், பொதுக் குளியலறை. அதே மனையில் அடுக்குமாடி எழுப்பினால் பல மடங்கு வாடகை வரும். 1960, 70களில் எஸ்பிளனேடு முழுக்க இந்தக் கணக்குதான் நடந்தது. மெரைன் ஓட்டல் 1970களில் போனது.

அதற்கு முன்பே விருந்தாளிகள் திசை மாறியிருந்தார்கள். தபால் கப்பலுக்குப் பதில் விமானம் வந்துவிட்டது, துறைமுகத்தைப் பார்த்த அறைக்கு என்ன வேலை? போதாததற்கு எம்பாங்க்மென்ட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ரயில் தண்டவாளம். மக்கள் கடற்கரைப் பக்கம் போனார்கள். அங்கே சுறா பயம் இருந்தது. 1952-ல் டர்பன் சுறா வலை போட்டது. வலை போடாத தென்கரை ஊர்களில் 1957 டிசம்பரிலிருந்து அடுத்த ஈஸ்டர்வரை சுறா கடித்து ஐந்து பேர் இறந்தார்கள். விடுமுறைக்கு வந்தவர்கள் ஓடியே போனார்கள், அந்தப் பக்கத்து ஓட்டல்கள் படுத்துவிட்டன. வலை போட்ட டர்பன் கடற்கரைக்கு அது லாபம்.

அந்த லாபமும் நிலைக்கவில்லை. பிறகு பணக்கார விருந்தாளிகள் வடக்கே உம்ஹ்லாங்காவுக்கு நகர்ந்தார்கள், கடற்கரை ஓட்டல்கள் சில குடியிருப்புகளாகிவிட்டன. ஓட்டல் தொழில் இந்த ஊரில் நூறு வருடமாகக் கடற்கரையோரம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. வெயிட்டர்களும் பின்னாலேயே பஸ் மாறி மாறிப் போகிறார்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா ஓட்டலில் இருந்தார் என்கிறார்கள். எப்படித் தேடுவது?

முதலில் அவருடைய ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். பழைய பிறப்பு, கலியாணப் பத்திரங்களில் ஒரு மூலையில் இருக்கும். பாட்டியின் தகரப்பெட்டியில் பழைய பத்திரம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கப்பல் பட்டியலில் ஒருவருக்கு ஒரு வரி: எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், கப்பல். அதோடு யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பதும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்த முதலாளி விவரம். சர்க்கரை எஸ்டேட் பெயருக்குப் பதில் ஓட்டலோ கிளப்போ இருந்தால் உங்கள் ஆள் 'ஸ்பெஷல் சர்வன்ட்'. எஸ்டேட் இருந்தால் மனம் தளர வேண்டாம், ஐந்து வருடம் கழித்து டவுனுக்கு வந்தவராக இருப்பார்.

எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். எழுதியவன் காதில் விழுந்ததுதான் பெயர். கவுண்டர் இங்கே 'கோவெண்டர்' ஆனார். தகப்பன் பெயரே பல வீடுகளில் குடும்பப் பெயராகிவிட்டது, அதனால் அண்ணன் வழியும் தம்பி வழியும் வேறு வேறு குடும்பப் பெயரில் இருக்கலாம். வெஸ்ட்வில் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் விசாரியுங்கள். படங்களுக்கு ஓல்டு கோர்ட் ஹவுஸ் அருங்காட்சியகம், டர்பி தெருவில் 1860 பாரம்பரிய மையம். எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், எழுதிக்கொண்டு போங்கள். ஓர் இலக்கம் மாறி, யாரோ ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவுக்கு நான் மூன்று மாதம் திதி கொடுத்திருக்கிறேன்.

இப்போது அந்த இடத்துக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

ஓட்டலின் ஒரு கல்கூட இல்லை. ஆனால் சுற்றிலும் இருந்த சில நிற்கின்றன, அவற்றை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம். குதிரைமேல் டிக் கிங் சிலை, 1915-ல் வைத்தது. 1842-ல் டச்சு வழிவந்த போயர்கள் இங்கிருந்த ஆங்கிலேயப் படையை முற்றுகையிட்டபோது உதவி கேட்டு கிரஹாம்ஸ்டவுன்வரை பத்து நாளில் போனவர். கூடக் குதிரையில் போன என்டோங்கெனி என்ற பையனுக்குச் சிலையில் இடமில்லை. கொஞ்சம் தள்ளி டர்பன் கிளப், 1904-ல் கட்டியது, வெள்ளை மாளிகை போல. நம் ஆட்கள் நிறையப் பேர் வேலை பார்த்த இடம். அந்தப் பக்கம் வாஸ்கோ ட காமா மணிக்கூண்டு, 1897. போர்த்துக்கீசியர் கொடுத்தது, சின்னதாகப் பொம்மை போல இருக்கும்.

சிலைக்கு முதுகைக் காட்டி விரிகுடாவைப் பார்த்து நில்லுங்கள். தண்டவாளம், அதற்கப்பால் பாய்மரப் படகுகள், அக்கரையில் பிளஃப். தபால் அட்டையில் தாழ்வாரத்தில் உட்கார்ந்தவர்கள் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். கார்டினர் தெருப் பக்கம் திரும்பினால் ஓட்டல் முகப்பு இருந்த இடம். சமையல்கட்டு அதற்குப் பின்னால் இருந்திருக்கும்.

காலை ஒன்பது மணிக்குள் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் காற்று புழுதியை வாரிக் கண்ணில் போடும். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். காரை கிளப் பக்கத்துத் தெருவில் நிறுத்தலாம்.